ஒரு மழை பார்த்த உப்பு

ஜாடியின் வாயில் கட்டியிருந்த வெள்ளைத் துணியை அவிழ்த்தேன். வெளியே ஐப்பசி மழை. உப்புக் கொட்டகையின் தகரக் கூரையில் அது விழுந்த சத்தத்தில், பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது. சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு வந்த பதின்மூன்று பெண்கள், அவற்றை உதறி வாசலோரம் போட்டுவிட்டு என்னைச் சுற்றி நின்றார்கள். ஜாடிக்குள் ஐந்து மாதமாக உப்பில் ஊறிய மாங்காய். வாசனை நன்றாகத்தான் இருந்தது. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன்.

கசந்தது.

முதலில் புளிப்பு, அப்புறம் உப்பு, அதற்கும் அப்புறம் நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்ற ஒரு கசப்பு. துப்பிவிடலாம் என்றால் பதின்மூன்று பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கஷ்டப்பட்டு விழுங்கினேன்.

"எப்படிம்மா இருக்குது?" என்றாள் பூங்காவனம். அந்தப் பதின்மூன்று பேருக்கும் அவள்தான் தலைவி மாதிரி. என் வயதுதான் இருக்கும், முப்பதைத் தாண்டியவள். எங்கள் உப்பளத்தில் அவளுக்கு நிகராக உப்பு வாருகிற ஆள், ஆண்களிலும் கிடையாது.

"நல்லா இருக்குது" என்றேன்.

நான் பொய்யே சொல்லாதவள் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் அன்றைக்குச் சொன்ன அளவு மோசமாக என்றைக்கும் சொன்னதில்லை. முகம் காட்டிக்கொடுத்திருக்கும். இரண்டாவது ஜாடியைத் திறந்தேன், கசப்பு. மூன்றாவதும் கசப்பு. மொத்தம் முப்பது ஜாடி. ஆறாவதைத் திறந்து பார்த்ததும் மீதியைத் திறக்கிற தைரியம் போய்விட்டது. ஒரு சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்தேன்.

அந்த முப்பது ஜாடியை நம்பித்தான் அந்தப் பெண்கள் அந்த மழைக்கு ஊரிலேயே தங்கியிருந்தார்கள்.

வாய் கொடுத்து மாட்டிக்கொண்ட கதை

எங்கள் ஊறுகாய்த் தொழில் அடுப்பங்கரையில் ஆரம்பித்ததைச் சென்ற வாரங்களில் எழுதிவிட்டேன். இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக நாலு வரி. மரக்காணத்தில் என் மாமனாருக்கு உப்பளம். நான் உள்நாட்டில், திண்டிவனத்தில், நெல்லும் மணிலாக் கடலையும் விளைகிற வீட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். மாமியார் செய்த உப்பு நார்த்தங்காய், மாங்காய் ஊறுகாய், மோர் மிளகாய் மூன்றும் சொந்தக்காரர்கள் மத்தியில் பேர் போனவை. அவர் காலமான பிறகு அதே பக்குவத்தில் நான் செய்து விற்க ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர். சாதுவான மனிதர், ஒரு விஷயத்தில் தவிர. அந்த ஒரு விஷயத்தில்தான் சண்டை வந்தது.

உப்பளத்தில் வேலை தை மாதத்திலிருந்து புரட்டாசி வரைக்கும்தான். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் பாத்தியெல்லாம் ஏரி மாதிரி ஆகிவிடும். அளத்து ஜனங்களுக்கு மூன்று மாதம் வேலை கிடையாது. வருஷா வருஷம் ஒரு மேஸ்திரி வந்து குடும்பம் குடும்பமாக மேற்கே வயல் வேலைக்குக் கூட்டிப் போவார். குழந்தைகளும் கூடவே போகும்.

அப்படிப் போய்விட்டுத் தை மாதம் திரும்பிய பூங்காவனம், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். மூன்றாம் வகுப்பில் இருந்த பெண். மூன்று மாதம் வரவில்லை என்று பதிவேட்டில் பேரை அடித்துவிட்டார்கள். அடித்த மகானுபாவர் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர்தான்.

"ரூல் அப்படி" என்றார்.

"ரூல வெச்சு மூணு மாசம் சோறு போடுவீங்களா?" என்று கேட்டேன். அவர் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அந்தப் பேப்பரைப் பார்த்ததும் எனக்கு இன்னும் ஏறிவிட்டது. கோபம் வந்தால் எனக்கு வாய் முன்னால் ஓடும், புத்தி பின்னால்தான் வரும். பூங்காவனத்தைப் பார்த்து, "அடுத்த மழைக்கு நீங்க யாரும் எங்கேயும் போக வேணாம். நான் வேலை தர்றேன். அளத்துல வாங்குற அதே கூலி" என்று சொல்லிவிட்டேன்.

அவள் சந்தோஷப்படவில்லை. "மழையில எதைம்மா காய வெப்பீங்க?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியில் எனக்கு வேர்த்துவிட்டது. மாமியாருடைய பக்குவம் எல்லாமே வெயிலை நம்பியது. நார்த்தங்காய் வெயிலில் காயவேண்டும், மிளகாய் காயவேண்டும், மாங்காய்த் துண்டை மூன்று நாள் உப்பில் போட்டு, பிழிந்து எடுத்து வெயிலில் உலர்த்திய பிறகுதான் மிளகாயையே கண்ணில் காட்டவேண்டும். வெயில் இருந்தால் அளத்தில் வேலை, ஊறுகாய்க்கும் வேலை. வெயில் இல்லாவிட்டால் இரண்டும் கிடையாது. நான் வேலை தருகிறேன் என்று வீறாப்பாகச் சொன்னது, வேலையே இல்லாத மூன்று மாதத்துக்கு.

"அதை நான் பாத்துக்குறேன்" என்றேன். வேறென்ன சொல்வது?

பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தேன். வைகாசியில் மாங்காய் மலிந்து கிடக்கும்போதே வாங்கி, துண்டு போட்டு, உப்பும் மாங்காயுமாக ஜாடியில் அடுக்கி மூடிவிடுவது. காயவே வைக்கவேண்டாம். உப்புத் தண்ணீரிலேயே ஐப்பசி வரை கிடக்கட்டும். மழை பிடித்ததும் எடுத்து, அடுப்பிலேற்றி நல்லெண்ணெயில் கிளறித் தொக்காக்கிவிடலாம். அடுப்புக்கு மழையென்ன, வெயிலென்ன?

பாண்டியை ஒட்டிய கோட்டக்குப்பத்தில் ஒரு பாய் மொத்த மளிகை வியாபாரம் செய்துவந்தார். பாண்டி ஓட்டல்களுக்கெல்லாம் சரக்கு அவரிடமிருந்துதான் போகும். அவரைப் போய்ப் பார்த்தேன். அப்போது கடற்கரை ஓரமாக இன்றைக்கு இருக்கிற மாதிரி ரோடு கிடையாது. திண்டிவனம் போய், பஸ் மாறி, பாதி நாள் சுற்றிக்கொண்டு போகவேண்டும். பாய் என் பழைய ஊறுகாயை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"பரவாயில்லம்மா. வெந்தயம் கொஞ்சம் ஜாஸ்தி போல" என்றார். "கார்த்திகையில சரக்கு கொண்டாங்க. நல்லா இருந்துச்சுன்னா எல்லாத்தையும் நானே எடுத்துக்குறேன், இன்ஷா அல்லா."

வெந்தயம் ஜாஸ்தி என்று அவர் சொன்னது எனக்குப் புகழ்ச்சியாகத்தான் பட்டது. எங்கள் வீட்டு ஊறுகாயில் லேசாக ஒரு கசப்பு இருக்கும். அதுதான் எங்கள் வீட்டு ருசி என்று மாமியார் சொல்லுவார், மாமனார் சொல்லுவார், விருந்துக்கு வந்தவர்களும் சொல்லுவார்கள். எல்லோரும் வெந்தயத்துக்குத்தான் பெருமை கொடுத்தார்கள்.

புரட்டாசிக் கடைசியில் மேஸ்திரி வந்தார். பதின்மூன்று பெண்கள் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். "ஊறுகா போடப் போறீங்களா?" என்று சிரித்துவிட்டு, வேறு குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் போன பிறகு போக்கிடம் கிடையாது.

மஞ்சள் வைத்து வந்த உப்பு

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பங்குனியில் வாரும் முதல் உப்பை, புதுக் கூடையில் நிரப்பி, மேலே மஞ்சள் கிழங்கும் பூவும் வைத்து அளத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். மாமனார் சட்டையைக் கழற்றிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூடையை வாங்குவார். சாமி முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டிய பிறகு அது நேரே சமையலறைக்குப் போகும். அந்த வருஷம் முழுவதும் வீட்டில் அந்த உப்புதான்.

பார்க்க மல்லிகை மொட்டுக் குவித்த மாதிரி இருக்கும், அப்படி ஒரு வெண்மை. முதல் உப்பைக் குறை சொல்லக்கூடாது. கொஞ்சம் சிந்தினால்கூடக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் பெருக்குவோம்.

ஊறுகாய்க்கு நிறைய உப்பு வேண்டும் என்று கேட்டதும் மாமனாருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். மருமகள் வேறு எங்கும் போகாமல் தன் அளத்து உப்பைக் கேட்கிறாளே! முதல் வாரத்தில் வாரிய உப்பு அத்தனையையும் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார். "நம்ம சரக்கு பாண்டிக்குப் போவுது. மொத உப்புதான் போடணும், கண்டதையும் போட்டுக் கெடுத்துடாதே" என்று என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

பெண்கள் விடியலில் அளத்துக்குப் போய் உப்பு வாரிவிட்டு, வெயில் ஏறியதும் கொட்டகைக்கு வந்து மாங்காய் நறுக்கினார்கள். ஒரு அடுக்கு மாங்காய், ஒரு அடுக்கு முதல் உப்பு. யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கு ஒரு காரணம் இருந்தது என்பது எனக்கு ஐப்பசியில்தான் தெரிந்தது.

"எங்களுக்குத் தெரியும்மா"

சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னேன் அல்லவா? பூங்காவனம் என்னைக் கேட்காமலே ஜாடியில் கைவிட்டு ஒரு துண்டை எடுத்தாள். மென்றாள். வாசலுக்குப் போய் மழையில் துப்பிவிட்டு வந்தாள்.

"கசக்குதும்மா."

"ஆமா."

"கசக்கும்னு எங்களுக்குத் தெரியும்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தெரியுமா? எப்போத்திலேருந்து தெரியும்?"

"உப்பு போடும்போதே தெரியும். புது உப்பு கசக்கும். அம்பாரமா குவிச்சு வெச்சா அடியில கொஞ்சம் கொஞ்சமா தண்ணி வடியும் பாருங்க, அது நாக்குல பட்டா மறுநாளைக்கும் கசப்பு போவாது. ஒரு மழைக்காலம் முழுக்க அம்பாரத்துல இருந்து, அந்தத் தண்ணியெல்லாம் வடிஞ்சு போனாத்தான் உப்பு உப்பா இருக்கும். நாங்க ஒரு மழை பாத்த உப்புதாம்மா ஊறுகாய்க்குப் போடுவோம்."

"ஏண்டி, இதை வைகாசியிலேயே சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?"

அவள் என்னைவிட ஒரு பங்கு அதிகமாகக் கத்தினாள். மழைச் சத்தத்துக்காக மட்டும் கத்தவில்லை. "மொத உப்ப கசப்புன்னு சொல்லச் சொல்றீங்களா? மஞ்சள் வெச்சு மொதலாளி கையால வாங்குன உப்ப? சொல்லிட்டு அடுத்த நாள் அளத்துல கால வைக்க முடியுமா? நீங்களே ஒத்துக்குவீங்களா?"

ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். அதுதான் உண்மை. திட்டித் துரத்தியிருப்பேன். என் கோபம் அப்படியே அணைந்துவிட்டது.

பிறகு உட்கார்ந்து யோசித்ததில் எல்லாம் விளங்கியது. இத்தனை காலமும் வீட்டு ஊறுகாய்க்கு நாங்கள் மாங்காயை மூன்றே நாள் உப்பில் வைத்துப் பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டோம். கசப்பில் முக்கால்வாசி தண்ணீரோடு போயிற்று. மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்ததற்குத்தான் வெந்தயம் என்று பேர் வைத்திருந்தோம். இந்தத் தடவை நான் தண்ணீரைக் கொட்டாமல், ஐந்து மாதம் அதிலேயே ஊறவைத்து, கசப்பை உள்ளே ஏற்றியிருக்கிறேன்.

"இப்ப இன்னா பண்றது?" என்று பின்னாலிருந்து ஒருத்தி அழ ஆரம்பித்தாள்.

"ஏய், சும்மா இரு" என்றாள் பூங்காவனம். "கசப்பு தண்ணியிலதான் இருக்குது. தண்ணியக் கொட்டிட்டு, மாங்காய அரிசி கழுவுன தண்ணியில ரெண்டு நாள் போட்டு அலசி, பழைய உப்பு போட்டு நாலு நாள் வெச்சா சரியாப் போயிடும். ஆனா பழைய உப்பு வேணும்."

பழைய உப்பு எங்கே இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அளத்து மேட்டில், பனையோலை வேய்ந்து, மேலே களிமண் பூசிய ஒரே ஒரு அம்பாரம். போன வருஷத்து உப்பு. மழைக்காலத்தில் உப்புக்குக் கிராக்கி வரும்போது விற்பதற்காக மாமனார் வைத்திருந்தது. அவர் வாயால் சொல்லாமல் அதில் ஒரு ஓலையைக்கூட யாரும் அசைக்க முடியாது. அவரிடம் எதற்கு என்று சொல்லவேண்டும். உங்கள் முதல் உப்பு கசக்கிறது என்று சொல்லவேண்டும்.

பதின்மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். வாய்க்காரி என்று பேர் எடுத்தவள் நான்தானே?

வெந்தயம் போடாத ஊறுகாய்

மாமனார் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தார். ஆறடி உயரம், கட்டைக் குரல், முன்கோபம். என் கோபம் அவரிடமிருந்துதான் தொற்றிக்கொண்டது என்று வீட்டுக்காரர் சொல்லுவார். அவர் மோருக்கு வரும்வரை காத்திருந்தேன். இலையின் ஓரத்தில் ஒரு துண்டு மாங்காயை வைத்தேன். கடித்தார். புருவம் ஒரு நொடி சுருங்கியது. மறுபடி மோர் சாதத்தைப் பிசைந்தார்.

"எப்படி மாமா இருக்குது?"

"நம்ம வீட்டு ருசிதான். வெந்தயம்தான் கொஞ்சம் தூக்கல்."

"இதுல வெந்தயமே போடல, மாமா."

கை நின்றது.

"மிளகாகூடப் போடல. வெறும் மாங்காயும் உப்பும்தான்."

திண்டிவனத்து வீட்டு வாசல் என் கண்முன்னால் வந்து நின்றது. பெட்டி படுக்கையோடு பிறந்த வீட்டுக்கு அனுப்பப் போகிறார் என்றே நினைத்தேன். வீட்டுக்காரர் பேப்பரும் கையுமாக நடையில் வந்து நின்றவர், அப்படியே பின்வாங்கிவிட்டார். மாமனார் அந்தத் துண்டை மறுபடியும் எடுத்தார். இந்தத் தடவை மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். உப்புத் தெரிந்த மனிதர். கையில் எடுத்துத் தேய்த்தே எந்தப் பாத்தி உப்பு என்று சொல்லக்கூடியவர். மென்று முடித்ததும் எழுந்து கை கழுவினார்.

"யார் சொன்னது?"

"நான்தான் சொல்றேன்."

"உனக்கு உப்பப் பத்தி இன்னா தெரியும்? யார் சொன்னதுன்னு கேட்டேன்."

பூங்காவனம் பேரைச் சொன்னால் அவள் பிழைப்பு போகும். குனிந்து இலையை எடுக்க ஆரம்பித்தேன். அவர் குடையைக் கூட எடுக்காமல் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். சேற்றில் ஒரு செருப்பு மாட்டிக்கொண்டதை விட்டுவிட்டே ஓடினேன்.

கொட்டகையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். சொட்டச் சொட்ட நனைந்தபடி அவர் கேட்டார்.

"உங்க வீட்டு ஊறுகாய்க்கு எந்த உப்பு போடுறீங்க?"

பூங்காவனம் முன்னால் வந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பழைய அம்பாரம் பிரிச்சு மூட்டை கட்டும்போது அடியில சிந்துமே மொதலாளி, கூட்டி எடுத்துக்கன்னு நீங்கதான் சொல்லுவீங்க. அந்த உப்பு."

"புது உப்பு போட மாட்டீங்களா?"

"மாட்டோம்."

"ஏன்?"

"கசக்கும், மொதலாளி."

சொல்லிவிட்டாள். அளத்தில் அவளுக்கு இனி வேலை கிடையாது, மேஸ்திரியும் போய்விட்டார், எல்லாவற்றுக்கும் காரணம் நான். அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார் என்பது புரியவே எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"முப்பது வருசம்" என்றார். "முப்பது வருசமா நல்ல உப்ப நீங்க தின்னுட்டு, கசப்புக்கு மஞ்சள் வெச்சு எனக்கு அனுப்பியிருக்கீங்க."

முதலில் பூங்காவனம் சிரித்தாள். அப்புறம் அழுதுகொண்டிருந்தவளும் சிரித்தாள். எனக்கு மட்டும் அழுகை வந்தது.

மழையில் பிரித்த அம்பாரம்

மழையில் உப்பு அம்பாரத்தைப் பிரிப்பது பைத்தியக்காரத்தனம். நாலு சொட்டு உள்ளே போனால் கரைந்து ஓடும். ஆனால் காத்திருக்க நாளில்லை. பாய் சொன்ன கார்த்திகை நெருங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் மழை சற்று மட்டுப்பட்ட நேரம் பார்த்து எல்லோரும் மேட்டுக்குப் போனோம். மாமனார் தன் கையாலேயே களிமண்ணைக் கொத்தி, இரண்டு ஓலையை நீக்கி, ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு வழி செய்தார். தார்ப்பாயின் நாலு முனையையும் நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். ஒரு முனை மாமனார், இன்னொரு முனை என் வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். உப்பைக் கூடையில் வாரி, மேலே ஓலை போட்டு மூடி, வரப்பு வழியாகத் தலையில் சுமந்தோம். வரப்பு வழுக்கும். அந்தப் பெண்கள் அதில் நடந்ததைப் பார்க்க வேண்டுமே! ஒரு கூடைகூடத் தவறவில்லை. தவறவிட்டது நான் ஒருத்திதான். முழங்கால் வரை சேற்றில் புதைந்த என்னை இரண்டு பேர் பிடித்து இழுக்கவேண்டியிருந்தது. அந்தக் கதையைப் பல வருஷத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

பழைய உப்பு பளிச்சென்று இருக்காது. லேசாகப் பழுப்பு கலந்த வெள்ளை. நாக்கில் வைத்தேன். உப்பு மட்டும்தான் இருந்தது.

முப்பது ஜாடியையும் கவிழ்த்தோம். ஊரில் எந்த வீட்டிலும் அந்த இரண்டு நாள் அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்குப் போகவில்லை, எல்லாம் குடத்தில் கொட்டகைக்கு வந்தது. அலசினோம், பழைய உப்பு போட்டோம், நாலு நாள் காத்திருந்தோம். அந்த நாலு நாளில் மிளகாய் வறுத்து இடித்தார்கள். இருமலும் தும்மலுமாகக் கொட்டகையே அதிர்ந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். ஊறுகாயைக் கையால் கலந்தால்தான் ருசி என்பது மாமியாரின் கட்டளை. ஆனால் உப்பளத்தில் வேலை செய்கிற கைகளைப் பார்த்திருக்கிறீர்களா? விரல் இடுக்கிலும் உள்ளங்கையிலும் வெடிப்பு. அதில் மிளகாய்ப் பொடி பட்டால் உயிர் போகும். முதல் நாள் ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு கலந்ததைப் பார்த்துவிட்டு, தச்சரிடம் சொல்லிப் பெரிய மர அகப்பைகள் செய்து வாங்கினேன். ருசி ஒன்றும் குறைந்துவிடவில்லை. மாமியார் இருந்திருந்தால் ஒரு சண்டை போட்டிருப்பார், பிறகு ஒத்துக்கொண்டிருப்பார்.

ஐந்தாம் நாள் ஜாடியைத் திறந்ததும் பூங்காவனத்தைத்தான் முதலில் சாப்பிடச் சொன்னேன். மென்றாள். இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடுப்பு பற்றவைத்தோம். நல்லெண்ணெய், கடுகு, பெருங்காயம், மாங்காய், மிளகாய். மழை வெளியே கொட்டிக்கொண்டே இருந்தது. உள்ளே நாலு பெரிய இரும்புச் சட்டியில் தொக்கு கொதித்தது. மாமனார் தினமும் இரண்டு வேளை வந்து, வேலை நடக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

கார்த்திகையில் சரக்கு போயிற்று. எட்டாம் நாள் பாய் தானே பஸ் மாறி மரக்காணம் வந்து இறங்கினார். ஏதோ வம்பு என்று பயந்துதான் மோர் கொடுத்தேன். மோரைக் குடித்து முடித்துவிட்டு, "சரக்கு காலிம்மா" என்றார். "ஓட்டல்காரங்க அடிச்சுக்குறாங்க. இதே மாதிரி ரெண்டு பங்கு தை மாசத்துக்குள்ள வேணும். வெந்தயத்தக் கொறைச்சது நல்லதாப் போச்சு."

நான் மறுத்துப் பேசவில்லை. எங்கள் வீட்டில் இன்றைக்கும் முதல் உப்பு மஞ்சளோடு வருகிறது, கற்பூரம் காட்டுகிறோம், பிறகு மழை பார்த்து வா என்று அம்பாரத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

பாய் கேட்ட இரண்டாவது சரக்குக்கு மாங்காய் போதவில்லை. எலுமிச்சையும் நார்த்தங்காயும் வாங்கி, பழைய உப்பிலேயே போட்டு, அதே மாதிரி அடுப்பில் கிளறினோம். மார்கழி முழுவதும் கொட்டகையில் வேலை ஓயவில்லை. பள்ளிக்கூடம் திறந்ததும் மறுபடி சேர்த்த பூங்காவனத்தின் மகள் பேர் பதிவேட்டில் இருந்தது, அந்த வருஷம் யாரும் அடிக்கவில்லை.

பாத்தி மிதிக்கிற நாள்

தை பிறந்தது. மழை விட்டுப் பாத்திகளில் தண்ணீர் வடிந்தது. உப்பளத்தில் முதல் வேலை பாத்தி மிதிப்பது. களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கவேண்டும். அதைப் பெண்கள்தான் செய்வார்கள். அதில் ஒரு நாள் தாமதித்தால் உப்பு விளைவது ஒரு நாள் தள்ளிப் போகும். எந்த அளத்திலும் முதலாளி ஆள் அனுப்பிய மறுநாள் விடியலில் எல்லோரும் போய் நிற்பார்கள். போகாவிட்டால் வேறு ஆள்.

கணக்குப்பிள்ளை திங்கட்கிழமை வந்து கூப்பிட்டார். பெண்கள் ஜாடி கட்டிக்கொண்டிருந்தார்கள், வருகிறோம் என்றார்கள், போகவில்லை. செவ்வாய்க்கிழமையும் வந்தார். புதன்கிழமை மாமனாரே வந்துவிட்டார்.

வாசலில் நிழல் விழுந்ததும் பேச்சு நின்றது. நான் அடுப்பைவிட்டு எழுந்தேன். பாய்க்குச் சொன்ன நாள் சனிக்கிழமை, ஜாடிகளில் பாதி இன்னும் மிச்சம். போகச் சொல்லிவிட்டால் என் வாக்கு போயிற்று. போகவேண்டாம் என்று நான் சொன்னால் அவர் மரியாதை போயிற்று. வாழ்க்கையில் எனக்கு வாய் வராமல் போன ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"பூங்காவனம், அளத்துக்கு எப்ப வர்றீங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அதற்கு முன்னால் அவர் யாரிடமும் கேட்டதில்லை. நாளைக்கு வா என்று சொல்லித்தான் பழக்கம். எப்போது வருகிறாய் என்று கேட்டுப் பழக்கமில்லை.

பூங்காவனம் ஒரு ஜாடியின் வாய்க்குத் துணி கட்டிக்கொண்டிருந்தாள். கையை எடுக்காமல், முடிச்சைப் பல்லால் இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"இது முடிக்க இன்னும் ரெண்டு நாள் ஆவும், மொதலாளி. சனிக்கிழமை வர்றோம்."

மாமனார் வெளியே அளத்தைப் பார்த்தார். வெயில் நன்றாக ஏறியிருந்தது. மிதிக்கத் தோதான ஈரம், தோதான வெயில்.

"சனிக்கிழமையா?" என்றார். "சரி. முடிச்சுட்டே வாங்க."

பக்கத்து அளங்களில் எல்லாம் அன்றைக்கே பாத்தி மிதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் அளம் மட்டும், அந்தப் பதின்மூன்று பேருக்காகச் சனிக்கிழமை வரை காத்திருந்தது.